உள்ளறைக் கதவுக்குப் பலகை நிலை: எதை நம்பி வாங்கலாம்?

உள்ளறைக் கதவு வாங்கப் போகிறவர் கதவின் வடிவத்தையும் கைப்பிடியின் பளபளப்பையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, இதற்கேற்ற நிலை ஒன்றையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள் என்று ஒரே வாக்கியத்தில் நிலையின் விஷயத்தை முடித்துக்கொள்கிறார். பூட்டின் நாக்கு தகட்டில் விழாமல் இடிப்பது, பாதி திறந்துவைத்த கதவு தானாக நகர்ந்து சுவரில் மோதுவது, மழைக்காலத்தில் மட்டும் மேல் மூலை உரசுவது, நிலையோரத்து இடைவெளியை மறைக்கும் மூடுபட்டிக்கும் சுவர்ப் பூச்சுக்கும் இடையில் மயிரிழை அளவில் வெடிப்பு ஓடுவது என்று பின்னாளில் வரும் தொல்லைகளில் பல அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகின்றன. கதவைக் கழற்றி இழைப்பதால் அவை தீர்வதில்லை.

உள்ளறைகளுக்கென்று கடைகளில் தொகுப்பாகக் கிடைக்கும் பலகை நிலைகள் ஐந்து வகைப்படும். முழுப் பைன் மரத்தால் ஆனவை, துண்டுகளைப் பல்லுக்குப் பல் கோத்து ஒட்டிய ஃபிங்கர் ஜாயிண்ட் மரத்தால் ஆனவை, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையால் ஆனவை, மேலே வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டியவை, தேக்கு, ஓக், பீச் போன்ற கடினமரங்களால் ஆனவை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்ணம் பூசப்போகும் கதவுக்கு, பிரைமர் பூசிவரும் ஃபிங்கர் ஜாயிண்ட் நிலைக்கு மிஞ்சியது இல்லை. மரத்தின் ரேகை கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று விரும்புகிறவர் மட்டும் கடினமரத்துக்குச் செலவிடலாம். ஆயினும் இந்த இரண்டுக்கும் முன்பாக முடிவுசெய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன. நிலையின் அகலம் சுவரின் கனத்தோடு பொருந்துகிறதா, மரம் வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு ஏற்ற அளவு உலர்ந்திருக்கிறதா, கால்கள் முறுக்கில்லாமல் இருக்கின்றனவா என்ற மூன்றும் தேறாத நிலை, எவ்வளவு உயர்ந்த மரமானாலும் வீண்தான்.

பலகை நிலைக்கும் சட்ட நிலைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வாசற்கதவுக்குப் போடும் சட்ட நிலை கனமான கட்டைகளால் ஆனது. அது சுவரின் கனம் முழுவதையும் மறைக்க வேண்டியதில்லை, கதவு வந்து உட்காரும் காடி கட்டையிலேயே வெட்டப்பட்டிருக்கும். பலகை நிலையோ, சுவரில் விட்ட திறப்பின் உட்பக்கங்களை ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை முழுவதுமாகப் போர்த்தும் மெல்லிய பலகை. இரண்டு கால்களும் ஒரு தலைப்பலகையும் சேர்ந்ததே அது. கதவு மோதி நிற்பதற்கான தடுப்புப் பட்டி பெரும்பாலும் தனியாகவே வரும். சுவரின் எடையை இந்தப் பலகை தாங்குவதில்லை. மேலே உள்ள விட்டமோ லிண்டலோதான் தாங்குகிறது. தாங்கவேண்டிய கடமை இல்லாததால், உள்ளறைக் கதவுக்கு நான்கங்குலக் கட்டை போட்டால்தான் உறுதி என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை. நிலையின் உறுதி, அது எத்தனை இடங்களில் எவ்வளவு இறுக்கமாகச் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அகலத்தில்தான் அதிகமானவர்கள் தவறுகிறார்கள். நிலையின் அகலம் என்பது பூச்சு வேலை முடிந்த பிறகு சுவருக்கு இருக்கும் மொத்தக் கனம். 100 மி.மீ. கட்டுச் சுவரின் இருபுறமும் 12 மி.மீ. பூச்சு ஏறினால் 124 மி.மீ.; 75 மி.மீ. சட்டங்களின் இருபுறமும் 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை அடித்தால் சரியாக 100 மி.மீ.; அதன்மேல் இருபுறமும் 3 மி.மீ. மெல்லிய பூச்சு இழுத்தால் 106 மி.மீ. தொகுப்பு நிலைகளோ முன்னரே தீர்மானிக்கப்பட்ட சில அகலங்களில் மட்டும் வருகின்றன. ஆகவே, பூச்சு எவ்வளவு கனத்தில் வரும் என்று தெரியாமல் நிலை வாங்குவது குருட்டுத்தனம். பூசி முடிந்த சுவராக இருந்தால் திறப்பின் இரு பக்கங்களிலும் அடி, நடு, உச்சி ஆகிய இடங்களில் கனத்தை அளந்து, அவற்றுள் மிகப் பெரிய அளவைக் கணக்கில் கொள்ள வேண்டும். கையால் பூசிய சுவரில் அடிக்கும் உச்சிக்கும் நான்கைந்து மி.மீ. வேறுபாடு இருப்பது ஒன்றும் அதிசயமில்லை.

நிலை, சுவரைவிட ஒன்று அல்லது இரண்டு மி.மீ. அகலமாக இருக்கலாம்; குறைவாக மட்டும் இருக்கக் கூடாது. சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின்மேல் மூடுபட்டியைச் சாய்வின்றி அடித்து, சுவரோரம் தெரியும் இடைவெளியை நிரப்பியால் மூடிவிடலாம். சுவரைவிடக் குறைவான பலகையிலோ மூடுபட்டி பூச்சின்மேல் ஏறி நின்றுகொண்டு பலகையைத் தொடவே தொடாது. குறைவதைச் சரிக்கட்ட ஓரத்தில் ஒட்டுப்பட்டி வைப்பவர்கள் உண்டு. அந்த ஒட்டின் கோட்டை எவ்வளவு தேய்த்து மறைத்தாலும் ஓராண்டில் வண்ணத்தின் மேல் அது வெளிப்பட்டுவிடும். ஒட்டுப்பட்டி வைத்தே ஆகவேண்டுமென்றால், ஓரத்தோடு சமமாக வைக்காமல் ஐந்து மி.மீ. உள்ளே தள்ளி, வேண்டுமென்றே விட்ட படிபோலக் காட்டிவிடுவது தேர்ந்த தச்சர்களின் வழக்கம். கண் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

அகலமான பலகையை வாங்கி அறுத்துக் குறைப்பது எளிதென்று தோன்றும். முழுமரத்திலும் ஃபிங்கர் ஜாயிண்ட் மரத்திலும் அது எளிதுதான். அறுத்த விளிம்புக்கு மீண்டும் பிரைமர் பூசவேண்டும், அவ்வளவே. எம்.டி.எஃப். பலகையில் அறுத்த விளிம்பு பஞ்சுபோல் வண்ணத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு மூன்று முறை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின் பூசவேண்டியிருக்கும். வெனீர் ஒட்டிய பலகையை அறுத்தாலோ உள்ளிருக்கும் தூள்பலகையின் பழுப்பு நிறம் வெளியே வந்துவிடும். மூடுபட்டி அந்த விளிம்பை மறைத்துவிடாதா என்று கேட்கலாம். மூடுபட்டி நிலையின் விளிம்பு முழுவதையும் மூடுவதில்லை. கீலின் உருளைக்கு இடம் வேண்டும் என்பதாலும் கோடு நேராகத் தெரியவேண்டும் என்பதாலும், ஐந்து முதல் எட்டு மி.மீ. வரை விளிம்பைத் திறந்துவிட்டுத்தான் அது அடிக்கப்படுகிறது. அறுத்த தடம் தெரிவது சரியாக அந்த இடத்தில்தான். ஆகையால் வெனீர் நிலை வாங்குகிறவர் அகலத்தை அச்சொட்டாகத் தெரிந்துகொண்டபின் வாங்கவேண்டும், இல்லையேல் அந்த வகையையே விட்டுவிட வேண்டும்.

கனத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 25 மி.மீ.க்குக் குறைந்த பலகையை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். 30 அல்லது 32 மி.மீ. இருப்பது நிறைவு. கீலுக்குப் போடும் திருகாணி வழக்கமாக 30 மி.மீ. அளவில் இருக்கும். கீலுக்காக 3 மி.மீ. பள்ளம் எடுத்தபின் மெல்லிய பலகையில் அதற்குக் கிடைக்கும் பிடிப்பு குறைந்துவிடுகிறது. உள்ளீடற்ற கதவின் எடை 10 முதல் 15 கிலோ வரை இருக்கும். திடமரக் கதவு அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு கனக்கும். கனமான கதவின் மேற்கீலில் ஒரு திருகாணியையாவது நிலையைத் துளைத்துச் சுவர் வரை செல்லும் நீளத்தில் போட்டுவிட்டால் கதவு தொங்குவது பெரும்பாலும் நின்றுவிடும்.

திறப்பின் அளவையும் கதவிலிருந்து கணக்கிட்டுப் பார்ப்பதே சரியான முறை. 30 அங்குல அகலமும் 78 அங்குல உயரமும் கொண்ட கதவு என்றால் 762 மி.மீ.க்கு 1981 மி.மீ. இரு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விட்டால் கால்களுக்கு இடையில் 768 மி.மீ. இருக்கவேண்டும். 30 மி.மீ. கனமுள்ள இரண்டு கால்களையும், நேர்செய்து ஆப்பு வைப்பதற்குப் பக்கத்துக்குப் 10 மி.மீ. இடத்தையும் கூட்டினால் சுவரில் 848 மி.மீ. திறப்பு தேவைப்படுகிறது. உயரத்துக்குக் கதவடியில் 8, கதவு 1981, மேல் இடைவெளி 3, தலைப்பலகை 30, அதற்கு மேல் 10 என்று கூட்டினால் முடிந்த தரையிலிருந்து 2032 மி.மீ. வரும். தரை இன்னும் போடப்படவில்லை என்றால் அந்தத் தரையின் கனத்தையும் இதோடு சேர்த்தாக வேண்டும். ஓடோ மரத்தரையோ பின்னால் வரப்போகிறது என்பதை மறந்து நிலையை நட்டுவிட்டுப் பிறகு கதவின் அடியை அறுக்கிறவர்கள் ஏராளம். உள்ளீடற்ற கதவாக இருந்தால் அடிச்சட்டமே அறுபட்டு உள்ளே வெற்றிடம் தெரிய ஆரம்பித்துவிடும்.

தொகுப்பு நிலைகளில் சிலவற்றின் தலைப்பலகையில் கால்கள் பொருந்தும் காடி முன்கூட்டியே வெட்டப்பட்டிருக்கும். இரண்டு கதவு அகலங்களுக்கு உதவும்படி இரண்டு இணைக் காடிகள் வெட்டியவையும் உண்டு. இது உண்மையிலேயே பயனுள்ள ஏற்பாடு. காடி இறுக்கமாக இருக்கிறதா என்பதைக் கடையிலேயே கால் ஒன்றைச் செருகிப் பார்த்துவிடலாம். கையால் தட்டினால் இறங்கவேண்டும். தானாக விழுந்தால் காடி தளர்வு, சுத்தியல் கேட்டால் காடியோரம் பிளக்கும். காடியே இல்லாமல் வெறும் நுனியோடு நுனி வைத்துத் திருகாணி முடுக்கச் சொல்லும் தொகுப்புகளை நான் ஒதுக்கிவிடுவேன்.

இனி ஈரம். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப நீரை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. சுமார் 28 முதல் 30 விழுக்காட்டு ஈரத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது சுருங்கத் தொடங்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும் அறையில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 12 விழுக்காட்டில் நிலைகொள்ளும். 80 விழுக்காட்டில் 16 வரை ஏறும். எப்போதும் குளிர்சாதனமோ வெப்பமூட்டியோ ஓடும் வறண்ட அறையில் 8 வரை இறங்கும். பலகையின் நீளவாட்டில் இதன் விளைவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். அகலவாட்டில் அப்படியில்லை. ஆண்டு வளையங்களைத் தழுவியபடி அறுத்த 124 மி.மீ. பைன் பலகை ஒன்று 16 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்கு உலர்ந்தால் அதன் அகலம் சுமார் 2½ மி.மீ. குறையும். தேக்கில் அதே பலகை 2 மி.மீ.க்கும் சற்றுக் குறைவாகவே சுருங்கும். வளையங்களைக் குறுக்கே வெட்டி அறுத்த பலகை எந்த மரத்திலும் ஏறக்குறைய பாதியளவே அசையும். பூச்சோடு சமமாக நின்ற நிலை 2½ மி.மீ. உள்வாங்கினால் மூடுபட்டியின் ஓரத்தில் என்ன நடக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

அகலம் குறைவதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பலகையின் ஒரு முகம் மறுமுகத்தைவிட அதிகம் சுருங்குவதால் அது குழிந்தும் போகும். மரத்தின் நடுப்பகுதியை நோக்கிய முகம் மேடாகவும், பட்டையை நோக்கிய முகம் பள்ளமாகவும் மாறுவது இயல்பு. பலகையின் நுனியில் வளையங்களின் வளைவைப் பார்த்தாலே எந்த முகம் எது என்று தெரிந்துவிடும். நடுமர முகத்தை அறைப்பக்கம் வைத்துப் பட்டை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினால், பின்னாளில் பலகை குழிந்தாலும் அதன் ஓரங்கள் சுவரை நோக்கியே இறுகும். நல்ல தயாரிப்பாளர்கள் அகலமான பலகையின் முதுகில் இரண்டு மூன்று ஆழமற்ற காடிகள் ஓட்டியிருப்பார்கள். குழியும் விசையை அவை ஓரளவு தளர்த்துகின்றன. முதுகில் காடி இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிற வாடிக்கையாளரைக் கடைக்காரர் மரியாதையோடு நடத்துவார் என்பது கூடுதல் பலன்.

உலர்த்தும் அறையில் உலர்த்தப்பட்டது என்று சிட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. உலர்த்திய மரமும் ஈரமான கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் மீண்டும் ஈரத்தை வாங்கிவிடும். முள் உள்ள ஈரமானியை நுனியில் குத்தாமல், நுனியிலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் பலகையின் முதுகில் குத்திப் பார்க்கவேண்டும். உள்ளறை நிலைக்கு 8 முதல் 12 விழுக்காடு வரை காட்டினால் எடுத்துக்கொள்ளலாம். அதன்பிறகும் கட்டைப் பிரித்து, எந்த அறையில் பொருத்தப் போகிறோமோ அந்த அறையிலேயே ஒரு வாரம் சமதளத்தில், இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கி வைப்பது அவசியம். சுவர்ப் பூச்சு காயாத வீட்டில் இதைச் செய்வதில் பயனில்லை. அந்தக் காற்றில் இருக்கும் நீரையெல்லாம் பலகை குடித்துவிட்டு, குடிவந்த பிறகு கக்கும்.

இப்போது மரவகைகளுக்கு வரலாம். முழுப் பைன் நிலை மலிவானது, எடை குறைந்தது, உளிக்கும் இழைப்புளிக்கும் எளிதில் இணங்குவது. அதன் பெருங்குறை கணு. கணுவிலுள்ள பிசின் வெள்ளை வண்ணத்தின் வழியாக மஞ்சள் வட்டமாகக் கசிந்து வெளிவரும். அரக்குக் கரைசலைக் கணுவின்மேல் இருமுறை தடவி அடைத்தபின் பிரைமர் பூசுவது இதற்கான பழைய மருந்து. அது நன்றாகவே வேலைசெய்கிறது, ஆனாலும் பிசின் மிகுந்த கணுவை முற்றிலும் கட்டுப்படுத்தும் என்று உறுதிகூற முடியாது. கால்களின் விளிம்பில் கணு அமைந்த பலகையையும், கீல் வரும் இடத்தில் கணு உள்ள பலகையையும் கழித்துவிட வேண்டும். பைன் மென்மையானது என்பதால் நாற்காலி இடித்த தழும்பும் பெட்டி உரசிய தழும்பும் சீக்கிரம் பதியும். குறைந்த செலவில், சிறிய திறப்புக்கு, பொறுமையாகப் பலகைகளைப் பொறுக்கி எடுக்கத் தயாராக இருப்பவருக்கு இது போதும்.

ஃபிங்கர் ஜாயிண்ட் நிலையில் கணுக்களை வெட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய நல்ல துண்டுகளைக் கோத்து ஒட்டுகிறார்கள். பக்கத்தில் பக்கமாக ரேகையின் திசை மாறி மாறி அமைவதால், ஒரு துண்டின் முறுக்கை அடுத்த துண்டு தடுத்துவிடுகிறது. இரண்டு மீட்டர் நீளத்துக்கு நூல்பிடித்தாற்போல் நேராக நிற்கும் பலகை இந்த விலையில் வேறு எதிலும் கிடைப்பதில்லை. எனக்கு இந்த வகைமேல் உள்ள பற்று இந்த ஒரு காரணத்தால்தான். கடினமரத்துக்கு உள்ள கௌரவம் இதற்கு இல்லை. துண்டுமரம் என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுளிக்கட்டும். பற்களின் தடம் வார்னிஷின் அடியில் பளிச்சென்று தெரியும் என்பதால் இதை வண்ணத்துக்கு மட்டுமே பயன்படுத்த முடியும், அடர் நிறமும் மினுமினுப்பும் மிகுந்த வண்ணத்தில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் இணைப்பின் கோடு இலேசாகத் தெரியவும் கூடும். வாங்கும்போது இணைப்புகளில் நகம் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்பதையும், கீல் வரும் இடத்தில் இணைப்பு அமைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டால் போதும். பசையின் நீர்த்தாங்கும் வகுப்பு டி3 அல்லது அதற்கு மேல் என்று குறிக்கப்பட்டிருப்பது நல்லது. பிரைமர் முன்பக்கம் மட்டும் பூசப்பட்டிருக்கிறதா, முதுகிலும் பூசப்பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவேண்டும். ஒருபக்கம் மூடியும் மறுபக்கம் திறந்தும் இருக்கிற பலகை ஈரத்தைச் சமமின்றி வாங்கி வளையும். முதுகு வெறுமையாக இருந்தால் பொருத்துவதற்கு முன் நாமே ஒரு பூச்சு கொடுத்துவிடலாம்.

எம்.டி.எஃப். நிலையில் கணு இல்லை, முறுக்கு இல்லை, ரேகை இல்லை. வண்ணம் கண்ணாடிபோல் படியும். இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும் நான் அதைத் தயங்கித் தயங்கியே பரிந்துரைப்பேன், காரணம் இரண்டு. அழுத்திச் செய்த பலகையின் இரு மேற்பரப்புகளும் இறுகியும் நடுப்பகுதி தளர்ந்தும் இருப்பதால், ஒருமுறை முடுக்கிய திருகாணியைக் கழற்றி மீண்டும் முடுக்கினால் பிடிப்பு போய்விடுகிறது; கீலைத் திருத்திப் பொருத்தவேண்டி வருகிற ஒவ்வொரு முறையும் இது தலைவலி. மற்றொன்று, தரையைத் துடைக்கும் நீர் காலடியில் ஊறினால் பலகை உப்பும், உப்பியது காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. பச்சைச் சாயம் ஏற்றிய ஈரத்தாங்கும் வகை இதைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. எடை குறைந்த கதவும் வறண்ட தரையும் உள்ள படுக்கையறைக்கும் அலமாரி அறைக்கும் இது சரி. வாங்குகிறவர் பலகையின் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் வெளியேற்றம் இ1 வகுப்புக்குள் இருப்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும், அறுக்கும்போது முகமூடி அணியாமல் இருக்கவே கூடாது.

வெனீர் நிலை தோற்றத்தில் கடினமரத்தை ஒத்தது, விலையில் அதைவிடக் குறைந்தது. அதே வெனீர் ஒட்டிய கதவோடு சேர்த்து ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்கினால் நிறமும் ரேகையும் இசைந்துவரும். ஆனால் மேலே இருப்பது ஒரு மி.மீ.க்கும் குறைவான மென்தகடு என்பதை மறக்கக் கூடாது. இழைப்புளியை அதன் பக்கம் கொண்டுசெல்லவே முடியாது, உப்புத்தாளைக்கூட அளந்துதான் ஓட்டவேண்டும். சுவரும் திறப்பும் துல்லியமாக அமைந்த புதிய கட்டடத்துக்கு இது பொருந்தும். கோணல்மாணலான பழைய சுவருக்குப் பொருந்தாது.

கடினமர நிலை வாங்குகிறவர் மரத்தின் பெயரைவிட அதன் வைரத்தை, அதாவது முதிர்ந்த உட்பகுதியைப் பார்க்கவேண்டும். தேக்கு என்ற பெயரில், பட்டையை ஒட்டிய முதிராத பகுதியான வெளிறு கலந்த பலகை எவ்வளவோ விற்கப்படுகிறது. கரையானைத் தாங்கும் ஆற்றல் தேக்கின் வைரப்பகுதிக்கே உரியது, வெளிறுப் பகுதிக்கு அது இல்லை. கனமீட்டருக்குச் சுமார் 650 கிலோ எடையுள்ள தேக்கு அவ்வளவு கடினமானதும் அல்ல. அதன் பெருமை அசைவு குறைவாக இருப்பதில் இருக்கிறது. இயற்கையான எண்ணெய்ப்பசை இருப்பதால் பசையும் வார்னிஷும் ஒட்டுவதற்கு முன் கரைப்பானால் துடைத்துவிட வேண்டும். அதைவிடக் கனமான பீச் திருகாணியை நன்றாகப் பிடிக்கும், மிக நேர்த்தியாக இழைபடும். ஆனால் ஈரமாற்றத்துக்கு மிகுதியாக அசைகிற மரம் என்பதால் அகலமான நிலைக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஓக் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. இரும்புத் திருகாணியும் ஈரமும் சேர்ந்தால் கருநீலக் கறை விழும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளைத் திருகாணியே அதற்குத் தகும். பித்தளைத் திருகாணி கடினமரத்தில் தலை முறிந்துபோகும் என்பதால், துளையிட்டு முதலில் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முடுக்கிக் கழற்றிவிட்டு, பிறகு பித்தளையை மெழுகு தடவி முடுக்குவது வழக்கம். கடினமர நிலைக்கு வண்ணம் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பணம், அவர்களுடைய விருப்பம்.

தடுப்புப் பட்டி தனியாக வருவதா, பலகையிலேயே காடியாக வெட்டியதா என்ற கேள்விக்கு, உள்ளறைக்குத் தனிப்பட்டியே மேல் என்பது என் கருத்து. கதவைத் தொங்கவிட்டு, பூட்டு விழுவதைச் சரிபார்த்து, கதவு நிற்கிற இடத்துக்கு ஏற்பப் பட்டியை அடித்துக்கொள்ளலாம். கதவு சற்றே முறுக்கியிருந்தாலும் பட்டி அதற்கு இணங்கிப்போகும். நிலையைச் சுவரோடு பிணைக்கும் திருகாணிகளைப் பட்டி வரும் இடத்திலேயே போட்டுவிட்டால் அவற்றின் தலைகளும் மறைந்துபோகும். காடி வெட்டிய நிலையில் இந்தச் சலுகை எதுவும் இல்லை. 35 மி.மீ. கதவுக்கு வெட்டிய காடியில் 40 மி.மீ. கதவு பொருந்தாது, கதவு திறக்கும் பக்கத்தைப் பிற்காலத்தில் மாற்றவும் முடியாது.

பொருத்தும் முறை இந்த மதிப்பீட்டுக்கு வெளியே இருந்தாலும், ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நுரைப்பசையை மட்டும் இடைவெளியில் அடித்து நிலையை நிறுத்திவிடலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வதை ஏற்கக் கூடாது. உப்பும் நுரை கால்களை உள்நோக்கித் தள்ளி வளைத்துவிடும். ஒவ்வொரு காலிலும் ஐந்து இடங்களிலாவது, குறிப்பாக ஒவ்வொரு கீலுக்குப் பின்னாலும் பூட்டுத் தகட்டுக்குப் பின்னாலும், எதிரெதிரே செருகிய இரட்டை ஆப்புகள் இருக்கவேண்டும், 100 மி.மீ.க்கு மேற்பட்ட அகலமுள்ள பலகையில் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திருகாணிகள் பக்கம்பக்கமாகப் போவது குழிவைத் தடுக்கும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருப்பதோடு வேலை முடிந்துவிடாது. ஒரு காலின் பின்னால் நின்று மறுகாலின் விளிம்பை ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே கோட்டில் மறையவேண்டும். மறையாவிட்டால் கதவு ஒரு மூலையில் பட்டியைத் தொட்டும் எதிர்மூலையில் விலகியும் நிற்கும்.

குளியலறைக் கதவுக்கு எம்.டி.எஃப். நிலையையும் அதன்மேல் வெனீர் ஒட்டியதையும் வைக்கவே கூடாது. மரம்தான் வேண்டுமென்றால் கடினமரத்தின் வைரப்பகுதியை எடுத்து, கால்களின் அடிநுனியில் வண்ணத்தையோ எபாக்சியையோ ஊறும்வரை தடவி, தரைக்கு மேலே இரண்டு மூன்று மி.மீ. தூக்கி நிறுத்தி அந்த இடைவெளியைச் சிலிக்கோனால் அடைக்கவேண்டும். பலகையின் முகத்தைவிட அடிநுனி பல மடங்கு விரைவாக நீரை உறிஞ்சுகிறது, அழுகலும் கரையானும் உள்ளே நுழைவதும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான். நிலைக்காலைத் தரைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பது உறுதிக்கு நல்லது என்ற பழைய நம்பிக்கை, அந்த வழியைத் திறந்துவைப்பதில்தான் முடிகிறது.

தீத்தடுப்புக் கதவுக்கு நிலை வாங்குவது வேறு கணக்கு. அங்கே கதவு, நிலை, கீல், வெப்பத்தில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டி ஆகிய எல்லாம் ஒரே தொகுதியாகச் சோதிக்கப்பட்டுச் சான்று பெறுகின்றன. முப்பது நிமிடச் சான்று பெற்ற கதவை வாங்கி, கையில் கிடைத்த நிலையில் மாட்டினால் அந்தச் சான்று கதவோடு வராது. மரத்தின் அடர்த்தி, பலகையின் கனம், நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை எதனால் அடைப்பது என்பன எல்லாம் கதவோடு வரும் தாளில் குறிக்கப்பட்டிருக்கும்; அந்தத் தாளை முதலில் படித்துவிட்டு நிலைக்கு ஆணை கொடுக்கவேண்டும், விற்பனையாளரின் வாய்வார்த்தை இங்கே போதாது.

எந்த வகையை வாங்கினாலும், கட்டு வந்து இறங்கியதும் அனுப்பியவர் புறப்படுவதற்குள் பிரித்துவிட வேண்டும். ஒவ்வொரு காலையும் நுனியில் பிடித்து நீளவாட்டில் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரிந்துவிடும். தட்டையான முகத்தின் பக்கமாக இலேசாக வளைந்த பலகையை ஆப்பும் திருகாணியும் நிமிர்த்திவிடும், அதை ஏற்றுக்கொள்ளலாம். விளிம்பின் பக்கமாக வில்போல் வளைந்ததையும், முறுக்கியதையும் எந்தத் திருகாணியாலும் நிரந்தரமாக நேராக்க முடியாது. பொருத்தினால் சரியாகிவிடும் என்று சொல்லி அத்தகைய பலகையை இறக்கிவைக்க முயல்வார்கள். வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டு, மாற்றுப் பலகை வரும்வரை பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தைப் போடாமல் இருப்பதே நல்லது.